பின்பக்கத்து ஆள்

உருளைக்கு முன்னால் நான்.
பின்னால் வேதரத்தினம்.
நடுவே பத்தொன்பது வருஷம்
பழுத்த கம்பி.

இடுக்கியால் நான் ஊட்டுவேன்.
அந்தப் பக்கம் அது தலை நீட்டியதும்
கழுத்தைப் பிடித்துத் திருப்பி
அடுத்த பள்ளத்துக்குள் விடுவான்.
மெலிந்து, நீண்டு, என்னிடம் வரும்.
மறுபடி ஊட்டுவேன்.
ஷிப்டுக்கு நானூறு தடவை.
பேச்சில்லை, சத்தத்தில் கேட்காது.
கேன்டீனில் முகம் கழுவிக்கொண்டு வந்தால்
வேறு யாரோ என்றிருக்கும்.

ஒரே ஒரு நாள்
கம்பி பிசகி, சுருண்டு, என் பக்கம் பாய்ந்தது.
"காலு!" என்றான்.
அத்தனை இரைச்சலிலும் அது கேட்டது.
காலை எடுத்தேன். செருப்பு எரிந்தது.
நாகூரில் இன்னும்
இரண்டு காலோடு நடக்கிறேன்.

மேட்டூர் திறக்காத வருஷம்.
சுற்றுச்சுவருக்கு வெளியே வயல் வெடித்துக் கிடந்தது,
உள்ளே ஆர்டர் இல்லை.
போர்டில் ஒட்டினார்கள்:
விருப்ப ஓய்வுத் திட்டம்.
சர்வீஸ் வருஷத்துக்கு நாற்பத்தைந்து நாள் சம்பளம்,
கிராஜுவிட்டி தனி,
கடைசித் தேதி ஆடி அமாவாசைக்கு மறுநாள்.

டைம் ஆபீஸ் சின்னக்கண்ணு
வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:
"ஸ்டாண்டுக்கு ஒரு ஆள் போதுமாம்.
பின்பக்கம் வளைஞ்ச தொட்டி வைக்கப் போறாங்க.
கம்பி அதுவாத் திரும்பிக்குமாம்."
ஒரு ஆள்.
எந்த ஆள் என்று அவரும் சொல்லவில்லை
நானும் கேட்கவில்லை.

மேனேஜர் அறையில் ஏசி.
பனியன் வேர்வை குளிர்ந்து முதுகில் ஒட்டியது.
"வேதரத்தினத்துக்குக் கண்ணு எப்படிப்பா?
அரை நொடி லேட்டாப் பிடிக்கிற மாதிரி தெரியுதே?"

உலை பார்த்த கண்.
எனக்கும் அதே கண்தான்.
என் மூத்தவளுக்குத் திட்டச்சேரியில்
பேசி முடித்திருந்தது.

இல்லை சார் என்று சொல்லவில்லை.
ஆமாம் என்றும் சொல்லவில்லை.
மேஜையில் ஒரு பேப்பர் வெயிட்,
உள்ளே நீலப் பூ.
அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
அவர் எதையோ எழுதினார்.

படிவத்தில் இருந்தது:
யாருடைய வற்புறுத்தலுமின்றி
என் சொந்த விருப்பத்தின் பேரில்.
எழுத்துக்கூட்டி வாசித்தவன் கேட்டான்,
"கனி, சொந்த விருப்பம்னா
விருப்பத்துல வேற வகையும் இருக்கா?"
நான் சிரித்தேன். அவனும்.
கையெழுத்துப் போட்டான்.
இடுக்கி பிடித்த கையில் பேனா
தீக்குச்சி மாதிரி இருந்தது.

தொட்டி வந்தது.
கம்பி சீறிக்கொண்டு அதுவாகவே திரும்பியது,
சொன்ன மாதிரியே.
ஒரு மாதம்
ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்தேன்.
வார்ப்பிரும்பு தெரிந்தது.

சிக்கல் பக்கம் மூன்று மா குத்தகைக்கு எடுத்தானாம்.
கார்த்திகை மழையில் சம்பா முழுகியதாம்.
மிச்சப் பணம் வங்கியிலாம், மகளிடமாம்,
ஆளுக்கொன்று சொன்னார்கள்.
கல்யாணப் பத்திரிகையை
தபாலில்தான் அனுப்பினேன்.

போன மாசியில் கீழ்வேளூர் ரயில்வே கேட்
சாத்தியிருந்தது. கரண்ட் இல்லை.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்
சைக்கிளில் ஒரு கால் ஊன்றி அவன்.
இடது கையில் உரச்சாக்கு,
வாயில் பற்றவைக்காத பீடி.
"யாரு, கனியா? தீப்பெட்டி இருக்கா?"

இருட்டில் எறிந்தேன்,
குறி பாராமல், கொஞ்சம் தூக்கலாகவே.
சைக்கிள் அசையவில்லை.
வலது கை மட்டும் மேலே போய்
திரும்பி வந்தது.
உள்ளங்கையில் பெட்டி.

அரை நொடி இல்லை.
கால் நொடிகூட இல்லை.

உரசினான். முகம் ஒருமுறை சிவந்தது,
பழைய சிவப்பு.
என்னவோ சொன்னான்.
அதற்குள் காரைக்கால் வண்டி
நடுவில் ஓடத் தொடங்கிவிட்டது.

கடைசிப் பெட்டி போவதற்குள்
நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு
வந்த வழியே போய்விட்டேன்.